புல் வெட்டும் மெஷின்: ஓடித் தேய்வது கொஞ்சம், கிடந்து கெடுவது அதிகம்

ஐப்பசி மழை பத்து நாள் விடாமல் பெய்தால் எங்கள் வீட்டு வாசல் கேட் முழுசாகத் திறக்காது. அடியில் கோரை மண்டித் தடுத்துவிடும். வடசென்னை மணலி புதுநகரில் ஒரு கிரவுண்டில் வீடு. 2,400 சதுர அடியில் கட்டடம் போக, முன்னால் அருகம்புல் வளர்த்த ஒரு திட்டு, மதில் ஓரம் நடைபாதை, பின்னால் இரண்டு தென்னை, ஒரு முருங்கை. எல்லாம் சேர்த்தால் எண்ணூறு சதுர அடி புல் இருக்கும். பக்கத்தில் ஒரு காலி மனை. மனைக்காரர் வெளியூரில். அவர் வருவதில்லை, அவர் மனையிலிருந்து சாரைப்பாம்பு மட்டும் அவ்வப்போது வந்து போகும்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மூன்று புல் வெட்டும் மெஷின் வாங்கிவிட்டேன். தள்ளிக்கொண்டு போகும் ரகமல்ல, நீளக் குழாயின் நுனியில் நைலான் நரம்பு சுழன்று வெட்டுகிற, கையில் பிடித்து ஓட்டும் ரகம். நாலாவதாக, எதிர்வீட்டு அண்ணனின் பெட்ரோல் மெஷின். அதை அவரைவிட நான்தான் அதிகம் ஓட்டியிருக்கிறேன். மாதவரத்தில் புதுசாக வீடு கட்டிக் குடிபோயிருக்கும் என் மச்சான் போன வாரம் போன் செய்து, "மாமா, நல்லா உழைக்கிற மாதிரி ஒரு மெஷின் சொல்லுங்க" என்றான். அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

"உழைக்கிற மாதிரி" என்றால் என்ன என்பதில்தான் நான் முதல் தடவை ஏமாந்தேன். வாட்ஸ் அதிகம், சிசி அதிகம், கனமாக இருக்கிறது, அதனால் உழைக்கும் என்று நினைத்தேன். மூலக்கடையில் சின்ன எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் ஒருவர்தான் அந்த நினைப்பைக் கலைத்தார். அவர் கடையில் இருபது மெஷினாவது சுவரில் சாய்ந்து நிற்கும். "சார், இதுல ஓடித் தேஞ்சுபோய் வந்தது ரெண்டோ மூணோதான். மீதி எல்லாம் ஓடாம கெட்டது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பக்கத்தில் ஆடி, ஆவணியில் சாயங்கால மழைக்குப் புல் தலைதூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பேய் மாதிரி வளரும். தை முடிந்தால் அடங்கிவிடும். மாசியிலிருந்து வெயிலுக்குக் காய்ந்து சுருண்டுவிடும், வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆக ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். வருடத்துக்கு மொத்தம் ஆறு மணி நேரம். மீதி 8,754 மணி நேரம் மெஷின் சும்மாதான் கிடக்கிறது. எங்கே கிடக்கிறது? எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில், கார் ஷெட்டின் தகரக் கூரைக்கு அடியில். பெயின்ட் அடித்து ஒரு வருடம் ஆவதற்குள் ஜன்னல் கிரில்லில் துரு எட்டிப் பார்க்கும் ஊர் இது.

அதனால் நான் பார்க்கும் ஒப்பீடு இதுதான்: எந்த மெஷின் நன்றாக வெட்டும் என்பதல்ல, ஏனென்றால் புதுசில் எல்லாமே நன்றாகத்தான் வெட்டும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் எது ஓடும்? ஓடாவிட்டால் எதை நம்ம ஏரியாவிலேயே சரிசெய்ய முடியும்?

பெட்ரோல் மெஷின்

எதிர்வீட்டு அண்ணன் வைத்திருப்பது டூ ஸ்ட்ரோக், தோளில் வார் போட்டு மாட்டிக்கொள்ளும் சைடு பேக். ஏழெட்டு கிலோ இருக்கும். பலத்தில் குறையே சொல்ல முடியாது. பக்கத்து மனையில் இடுப்பளவு வளர்ந்த பார்த்தீனியம், நாயுருவி, கட்டைவிரல் மொத்தத்துக்குச் சீமைக்கருவேலங்கன்று எல்லாவற்றையும் இரும்பு பிளேடு போட்டு ஒரு காலையில் சாய்த்திருக்கிறோம். கரண்ட் மெஷினால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் அண்ணனின் மெஷின் மூலக்கடைக்கு நாலு தடவை போயிருக்கிறது. நாலு தடவையும் ஒரே காரணம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர். தை மாதம் வெட்டிவிட்டு டாங்கில் பாதிப் பெட்ரோலோடு நிறுத்திவைப்பார். அடுத்த ஆடியில் கயிற்றை இழுப்பார். இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி படிந்து, ஊசித் துளை அடைத்து, டயாபிரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்துப் போயிருக்கும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல சின்ன எஞ்சின்களின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் தாங்கும் என்று போட்டிருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? பழைய மாடல் என்றால் ரப்பர் டியூபும் ஊறி நொந்துவிடும். வாங்கும்போது கையேட்டில் இ20 என்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு தலைவலி ஆயில் கலப்பது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மெஷினுக்கு மெஷின் மாறும், டாங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். அண்ணன் ஒருமுறை கலக்க மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார். நல்லவேளை, அவர் மகன் கேனின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தான். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. பெட்ரோல் வாங்குவதும் லேசில்லை. பல பங்குகளில் பாட்டிலில் தரமாட்டேன் என்பார்கள், அதற்கென்று ஒரு நல்ல கேன் வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் இந்தக் கலக்கும் வேலை இல்லை. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 எஞ்சின் 35.8 சிசி, அதற்குத் தனியாக 100 மில்லி எஞ்சின் ஆயில், அவ்வளவுதான். புகை கம்மி, சத்தமும் காதைக் கிழிக்காது. ஓடித் தேயும் விஷயத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. தினமும் கூலிக்கு வெட்டுபவர்கள் இதை நம்பிச் சம்பாதிப்பதைப் பார்க்கிறேன். ஆனால் விலை அதிகம், கிடந்து கெடும் விஷயத்தில் இதுவும் பெட்ரோல் மெஷின்தான். கடைசி வெட்டு முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் வைக்க வேண்டும். அந்த ஒழுக்கம் உங்களிடம் இருக்கிறதா என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லை.

பேட்டரி மெஷின்

நான் முதலில் வாங்கியது இதுதான். ஆன்லைனில், இரண்டு பேட்டரி, மூன்று விதமான பிளேடு, சின்னச் சக்கரம், கண்ணாடி, கையுறை எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி. பேட்டரி மேல் பெரிய எழுத்தில் 48 என்று போட்டிருந்தது. 48 வோல்ட் என்று நான் நினைத்துக்கொண்டேன், நினைக்கட்டும் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு வருடத்தில் அது செத்த பிறகு பிரித்துப் பார்த்தேன். உள்ளே பூஸ்ட் பாட்டில் மூடி நிறத்தில் ஐந்தே ஐந்து செல். லித்தியம் அயான் செல் ஒன்றுக்குச் சராசரி 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுசாக சார்ஜ் ஏறும்போது ஒவ்வொன்றும் 4.2, ஐந்தும் சேர்ந்து 21. ஆக 18 என்பதும், 20 என்பதும், 21 என்பதும் ஒரே சரக்கு. 48, 88, 98 என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி வருகிற மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான். ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள், வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் (Ah) பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72 வாட் ஹவர். 300 வாட் இழுக்கும் மெஷினுக்கு அது கால் மணி நேரம் வரும். 2 ஆம்பியர் ஹவர் என்றால் ஏழு நிமிடம். என் எண்ணூறு சதுர அடியில் முன்புறத் திட்டு முடிவதற்குள் இரண்டு பேட்டரியும் இறங்கிவிடும். அப்புறம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அது செத்ததற்குக் காரணம் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் முழுக்க இறக்கிவிட்டு அப்படியே ஷெட்டில் வைத்தேன். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் வெந்தது. செல் தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், உள்ளிருக்கும் சர்க்யூட்டும் துளித்துளியாக உறிஞ்சும். ஒரு அளவுக்குக் கீழே போனால் சார்ஜர் அதைத் தொடவே தொடாது, பச்சை விளக்கு மட்டும் கேலி செய்கிற மாதிரி மின்னும். பாதி சார்ஜில், வீட்டுக்குள்ளே நிழலான அலமாரியில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றியிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். புதுப் பேட்டரி வாங்கலாம் என்று பார்த்தால் அதே கடையில் அந்த மாடலே இல்லை. அந்தப் பேட்டரியின் காடி வேறு எதிலும் பொருந்தவும் இல்லை.

அதனால் பேட்டரி மெஷின் வாங்குவதானால் மெஷினைப் பார்க்காதீர்கள், பேட்டரியின் குடும்பத்தைப் பாருங்கள். மகிடாவின் 18 வோல்ட் வரிசை 2005-இல் வந்தது, இன்றைக்கும் அந்த வரிசையில் புது மெஷின் வந்துகொண்டிருக்கிறது. போஷ், டிவால்ட் போன்றவையும் இப்படி ஒரே பேட்டரியில் ட்ரில், கிரைண்டர், புளோயர் எல்லாம் ஓடுகிற வரிசை வைத்திருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே அந்த ட்ரில் இருந்தால் உங்களுக்கு அதே குடும்பத்து மெஷினை, பேட்டரி இல்லாமல் வெறும் உடம்பாக வாங்கிக்கொள்வது நல்ல யோசனை. பேட்டரி மற்ற வேலைக்கும் ஓடிக்கொண்டே இருப்பதால் கிடந்து கெடாது. பிரஷ்லெஸ் மோட்டார் என்றால், மோட்டாருக்குள் உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இல்லை, தேய்வதற்கு ஒன்றும் இல்லை. என் தம்பி மகன் ஏசி மாட்டுகிற வேலை செய்கிறான், அவன் வாங்கியிருப்பது இப்படித்தான். அவனுக்கு அது சரி. எனக்கு வீட்டில் ட்ரில் வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்கும்போதுதான் வெளியே வரும்.

வயர் மெஷின்

கடைசியில் நான் வந்து நின்றது பிளக்கில் செருகும் சாதாரண வயர் மெஷினில். யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ரகம். ஆனால் ஆறு மாதம் கழித்து எடுத்து, தூசி தட்டிச் செருகினால் ஓடுகிறது. காய்வதற்கு எரிபொருள் இல்லை, இறங்குவதற்கு பேட்டரி இல்லை. அப்படியே கெட்டாலும் நம்ம ஏரியாவில் எத்தனை மோட்டார் காயில் கட்டும் கடை! வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரை தெருவுக்கொன்று என்றுகூடச் சொல்லலாம், தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஊர் என்பதால் வந்த வசதி அது. கார்பன் பிரஷ் தேய்ந்தால் பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே அளவில் எடுத்துத் தருவார்கள். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் எரிந்தாலும் காயில் கட்டிவிடலாம். பேட்டரி மெஷினின் சர்க்யூட் போர்டு எரிந்தால் யாரிடம் போவது?

இதிலும் இரண்டு சாதி உண்டு. மோட்டார் கீழே, நரம்பு சுற்றிய நைலான் ஹெட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பது ஒன்று. மோட்டார் மேலே கைப்பிடிக்குப் பின்னால் இருந்து, உள்ளே ஷாஃப்ட் வழியாகக் கீழே சுற்றுவது இன்னொன்று. கீழே மோட்டார் இருக்கிற ரகம் மலிவு, எடையும் குறைவு. ஆனால் வெட்டுப்பட்ட ஈரப் புல்லும் மண்ணும் பறக்கிற இடத்திலேயே மோட்டார் மூச்சு விடுகிறது. நம் ஊரின் ஈரக் கோரைக்கு அது ஆகாது. என் இரண்டாவது மெஷின் அந்த ரகம். திறந்து பார்த்தபோது காற்றுத் துளைகளில் புல் சாறு காய்ந்து சாணி மெழுகிய மாதிரி இருந்தது. மேலே மோட்டார் வைத்தது கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, அதையே வாங்குங்கள். அதிலும் குழாய் வளைந்து வருவதைவிட நேராக வருவது மேல். வளைந்ததற்குள் ஓடுவது கேபிள், நேரானதற்குள் கெட்டியான கம்பியும் அடியில் கியர் பாக்ஸும் இருக்கும். கியர் பாக்ஸில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், வருடத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும்.

வயர் மெஷினின் உண்மையான குறை வயர்தான். 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முருங்கை வரை போக முடியாது. வீட்டில் கிடக்கும் மெல்லிய வயரை முறுக்கி ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வாங்குங்கள், சுருளை முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுருளிலேயே இருந்தால் சூடேறி உருகும். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். மெஷினின் ஸ்டிக்கரில் சதுரத்துக்குள் சதுரம் மாதிரி ஒரு குறி இருக்கும், இரட்டைக் காப்பு என்று அதற்கு அர்த்தம். அது இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மழை விட்ட உடனே, புல் நனைந்திருக்கும்போது இதை எடுக்கவே கூடாது. ஐப்பசியில் இது பெரிய இடைஞ்சல்தான், இரண்டு நாள் வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளில் கோரை இன்னும் நாலு விரல் ஏறிவிடும். வெட்டினாலும் அது கிழங்கிலிருந்து திரும்ப வரத்தான் போகிறது என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டாலே கொசஸ்தலை ஆறு எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அந்த முறை அதற்கு மேல். எதிர்வீட்டில் தரையில் சாய்த்து வைத்திருந்த பெட்ரோல் மெஷின் எஞ்சினோடு மூழ்கியது. என் வயர் மெஷின் ஷெட் சுவரில் ஆளுயர ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததால் தப்பியது. இதில் மெஷினுக்குப் பெருமை ஒன்றுமில்லை, ஆணிக்குத்தான். எந்த மெஷின் வாங்கினாலும் உயரத்தில் மாட்டுங்கள்.

நரம்பு என்கிற சமாச்சாரம்

இந்த மெஷின் பிறந்த கதையே நரம்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் 1971-இல், கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் பிரஷ்களைப் பார்த்துவிட்டு, பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பைச் செருகிச் சுற்றவிட்டுப் பார்த்தார். அதுதான் முதல் மெஷின்.

அதைப் படித்த ஜோரில் நானும் காசிமேட்டுப் பக்கம் வலைக்கடையில் தடித்த தூண்டில் நரம்பு வாங்கி வந்து சுற்றினேன். மீன்பிடிக்க அது ராஜா. மெஷினில் பத்து நிமிடத்தில் சுருளுக்குள்ளேயே சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தேன். அவர் செய்தது முதல் மாதிரிக்கு, நமக்கு வேண்டியது வருஷக்கணக்கில் வெட்டுவதற்கு. ட்ரிம்மர் லைன் என்றே கேட்டு வாங்குங்கள்.

தடிமனில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். சின்ன பேட்டரி மெஷினுக்கு 1.2-லிருந்து 1.6 மில்லிமீட்டர், மேலே மோட்டார் உள்ள வயர் மெஷினுக்கு 2.0 அல்லது 2.4, பெட்ரோலுக்கு 2.4-லிருந்து 3.0. தடித்தது நீடித்து வரும் என்று சின்ன மெஷினில் 3 மில்லிமீட்டரைச் செருகினால், நீடித்து வருவது நரம்பு, போவது மோட்டார். சதுரம், நட்சத்திரம் என்று விளிம்பு வைத்த நரம்பு சுருக்காக வெட்டும், மதில் ஓரம் பட்டால் சீக்கிரம் தேயும். எங்கள் வீட்டில் பாதி வேலை மதில் ஓரம் என்பதால் உருண்டைதான்.

நைலான் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. வெயிலில் கிடந்த பழைய நரம்பு மொறுமொறுவென்று உடைந்துகொண்டே இருக்கும். வெட்டுவதற்கு முந்தின நாள் பக்கெட் தண்ணீரில் ஊறப் போட்டால் திரும்ப வளையத் தொடங்கும். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு எனக்கு நரம்புச் செலவு பாதியாகக் குறைந்தது.

ஹெட்டில் நரம்பு வெளியே வரும் கண்ணைப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓட்டை என்றால் நரம்பு அதை அறுத்துக்கொண்டே போகும், இரண்டு சீசனில் ஓட்டை நீண்டுவிடும். உலோக வளையம் போட்டிருந்தால் தாங்கும். தரையில் தட்டினால் நரம்பு நீளும் ரகம் போதும், தானாக நீள்வது என்று விற்பதை நான் நம்புவதில்லை.

சரி, என் இரண்டாவது மெஷின் எப்படிச் செத்தது என்று சொல்லவில்லையே. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் காப்புத் தகடு வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிவிட்டேன். தெருவில் எல்லோரும் கழற்றித்தான் ஓட்டுகிறார்கள். அந்தத் தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பிளேடு உண்டு, அதிகமாக நீளும் நரம்பை அதுதான் அளவாக நறுக்கிவிடும். தகடு இல்லாவிட்டால் நரம்பு நீண்டுகொண்டே போகும், நீண்ட நரம்பைச் சுற்ற மோட்டார் திணறும், திணறினால் சூடு. மூன்றாவது வாரத்தில் மோட்டாரிலிருந்து மீன் கருகிய மாதிரி ஒரு வாடை வந்தது. காயில் கட்டும் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "தகடு எங்க சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

தகடு உங்கள் காலுக்கும் சேர்த்துத்தான். 30 சென்டிமீட்டர் வட்டத்தில் நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் நரம்பின் நுனி மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஜல்லிக்கல் அந்த வேகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மாருதியின் பின்கண்ணாடிக்குத் தெரியும். ரப்பர் செருப்போடு வெட்டாதீர்கள். பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கும், முக்கியமாகப் பிள்ளைகள். முருங்கை, இளங்கன்றுகளின் அடியில் நரம்பை ஒட்டிக் கொண்டுபோனால் பட்டை சுற்றிலும் உரிந்து மரமே பட்டுப்போகும். தென்னைக்குக் காயம் பட்டால் அந்த வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். மரத்தடியில் ஒரு சாண் விட்டு, மிச்சத்தைக் கையால் பிடுங்குங்கள்.

எங்கே வாங்குவது

ஆன்லைனில் நூறு ரூபாய் குறைவாக இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. நான் மூன்றாவதைப் பாரிமுனையில் வாங்கினேன். லிங்கி செட்டித் தெரு, தம்பு செட்டித் தெருப் பக்கம் மெஷின் கடைகளில் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "இதுக்கு நைலான் ஹெட், கார்பன் பிரஷ், சுவிட்ச் தனியா இருக்கா, இப்ப எடுத்துக் காட்டுங்க." முதல் கடையில் "ஆர்டர் போட்டா வரும் சார்" என்றார்கள். இரண்டாவதில் கடைப்பையன் ஏணியில் ஏறி மூன்றையும் எடுத்து மேஜையில் வைத்தான். அங்கேயே வாங்கிவிட்டேன். ஒரு ஹெட், ஒரு ஜோடி கார்பன் உபரியாக அன்றைக்கே எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று, ஹெட்டைக் கழற்றும்போது பல மெஷின்களில் மறை தலைகீழாக இருக்கும், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எதிர்வீட்டு அண்ணன் இது தெரியாமல் இடப்பக்கம் திருகித் திருகி, ஸ்பானரில் சுத்தியலால் வேறு அடித்து, கியர் பாக்ஸையே விரிய வைத்தார். கடையிலேயே ஒரு தடவை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மச்சானுக்கு எது? அவனுக்கு அரைக் கிரவுண்டில் வீடு, முன்னால் முந்நூறு சதுர அடிப் புல்கூடத் தேறாது. பெட்ரோல் என்ற பேச்சே வேண்டாம் என்றேன். நேர் குழாய், மேலே மோட்டார், வயர் மெஷின். ஆனால் அவன் வீட்டில் ஒரு நல்ல 18 வோல்ட் ட்ரில் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது, அதை அவன் வாரம் ஒரு முறையாவது எதற்காவது எடுக்கிறான். அப்படியென்றால் அந்த வரிசையிலேயே வெறும் மெஷினை வாங்கிக்கொள் என்று பேச்சை மாற்றினேன். "இவ்வளவு நேரம் வயர் வயர்னீங்களே மாமா" என்று சிரித்தான். அவன் பேட்டரி கிடந்து கெடாது, என்னுடையது கெடும், வேறொன்றும் இல்லை.

செங்குன்றம், மீஞ்சூர்ப் பக்கம் இரண்டு மூன்று கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல்தான். ஆனால் அதையும் தனியாக வாங்காதீர்கள். எங்கள் தெருவில் இப்போது நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நாலு வீட்டுக்கும் மாறி மாறி ஓடினால் அது சும்மா கிடக்காது, கார்புரேட்டரும் அடைக்காது. யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை. ஆளுயர ஆணி என் ஷெட்டில் இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.